இருதலைப் பறவையும் கோபுரமும்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கர்நாடக அரசின் சான்றிதழ் ஒன்றேனும் இல்லாத வீடு இராது. வருமானச் சான்றோ, நிலப் பத்திரமோ, பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்போம். ஆனால் அதன் தலைப்பிலுள்ள அரசு முத்திரையை நின்று பார்த்தவர்கள் சிலரே. “அது அவர்களுடைய சின்னம்தானே” என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு.

நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் ஒரு பாலத்தின் வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒப்புதல் முத்திரை விழும் வரை அது வெறும் காகிதம்தான். முத்திரை என்பது அலங்காரமன்று; “இதற்கு நான் பொறுப்பு” என்று கொடுக்கும் வாக்கு. அந்த எண்ணத்தோடு இச்சின்னத்தை மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

உச்சியில் இருப்பது சாரநாத்திலுள்ள அசோகரின் சிங்கத் தூண். சிங்கங்கள் நான்கு, படத்தில் மூன்றுதான் தெரியும். 1950 ஜனவரி 26 அன்று இது பாரதத்தின் தேசியச் சின்னமாயிற்று. அசோகர் என்றதும் நமக்கு வடநாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் ‘அசோகன்’ என்ற பெயரோடு முதன்முதலில் கிடைத்த அவருடைய கல்வெட்டு, இன்றைய கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில்தான் இருக்கிறது. 1915-இல் அதைக் கண்டெடுத்தவர் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர்!

நடுவே சிவப்புக் கேடயத்தில் வெள்ளை நிற இருதலைப் பறவை. இதுதான் கண்டபேருண்டம். சிவமொக்கா மாவட்டம் பள்ளிகாவியில் 1047-இல் நிறுவப்பட்ட தூணின் மேல் இது மனித உடலோடு நிற்கிறது. பேலூர்க் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. மானை மலைப்பாம்பும், பாம்பை யானையும், யானையைச் சிங்கமும், சிங்கத்தைச் சரபமும் பற்ற, அந்தச் சரபத்தையும் வெல்வது இப்பறவை. விஜயநகர மன்னர் அச்சுதராயர் (1529–1542) இதைத் தம் நாணயங்களில் பொறித்தார். பின்னர் இது மைசூர் உடையார்களின் அரச சின்னமாயிற்று.

கேடயத்தின் இருபுறமும் நிற்கும் விலங்குகளுக்கு யானைத் தலை, சிங்க உடல். நம் ஊர்க் கோயில் தூண்களில் கண்டு பழகிய யாளியின் உறவு என்றே சொல்லலாம்.

கீழே உள்ள வாசகத்தைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். உடையார்களின் சின்னத்தில் இருந்தது ‘சத்யமேவோத்தராம்யஹம்’. “சத்தியத்தையே நான் தாங்கி உயர்த்துவேன்” என்பது பொருள். மைசூர்ப் பல்கலைக்கழகச் சின்னத்தில் இன்றும் அதைக் காணலாம். மாநில அரசின் முத்திரையிலோ ‘சத்யமேவ ஜயதே’ என்றிருக்கிறது. பறவை அப்படியே இருக்க, மன்னரின் ‘நான்’ மட்டும் போய்விட்டது. வாக்குக் கொடுப்பவர் இப்போது ஒரு மனிதர் அல்லர். மக்களாகிய நாம் எல்லோரும். இங்கே வாக்களிக்கும், வரி செலுத்தும் தமிழரும் அந்த ‘எல்லோரில்’ அடக்கம்.

இனித் தமிழ்நாட்டு முத்திரையைப் பாருங்கள். 1949-இல் உருவானது. அதே சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடி, பின்னால் கோபுரம். அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்பது பரவலான கருத்து. வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவோ, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று கூறியிருக்கிறார். வாசகம் ‘வாய்மையே வெல்லும்’. அதாவது இரண்டு முத்திரைகளுக்கும் தலையும் ஒன்று, வாக்கும் ஒன்று. நடுவில் மட்டும் இங்கே பறவை, அங்கே கோபுரம்.

இரண்டின் கீழும் பணியாற்றிய ஒருவரும் உண்டு. மைசூரின் கடைசி மன்னர் ஜயசாமராஜ உடையார், 1956 முதல் 1964 வரை மைசூர் மாநில ஆளுநர். பிறகு 1966 வரை சென்னை மாநில ஆளுநர். கண்டபேருண்டத்தின் கீழ் முடிசூடியவர், கோபுர முத்திரையின் கீழும் கடமையாற்றினார்.

இருதலைப் பறவை தமிழுக்கும் புதிதன்று. அகநானூற்றில் கபிலர் பாடல் ஒன்றில், தலைவியும் தானும் இருதலைப் பறவையைப் போல ஓருயிர் என்கிறாள் தோழி. கன்னட நாட்டில் வலிமையின் அடையாளமாக நிற்பது, நம் இலக்கியத்தில் பிரியாத நட்புக்கு உவமை. காவிரிப் பூசலால் 1991-லும் 2016-லும் இந்நகரில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு. அத்தகைய நாட்களில் இரு தரப்பாரும் நினைத்துப் பார்க்க வேண்டிய உவமை இது.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அரசு முத்திரைகளை வியாபாரத்துக்கு அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மலருக்கு விளம்பரம் தருவோர் நினைவில் கொள்க.

அடுத்த முறை மைசூர் அரண்மனைக்குப் போகும்போது, இருதலைப் பறவை எங்கெங்கே இருக்கிறது என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். கன்னடத்தில் அதன் பெயரைப் பள்ளியில் கற்றிருப்பார்கள். கபிலர் சொன்னதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.