ஃபேனை நிறுத்துங்க, எடை போடணும்!

கேட்டிலேயே போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். பேனா, நோட்டு, இரண்டு கண். இதுதான் கையிருப்பு. சேஃப்டி ஷூ என்று ஒரு ஜோடி கொடுத்தார்கள், என் காலுக்கு இரண்டு சைஸ் பெரிது. அதை இழுத்து இழுத்து நடந்தபடி, அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன். நீங்களும் வாங்க. தரையில் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்கணும், அது ஒன்றுதான் நிபந்தனை.

நாம் பார்க்க வந்திருப்பவர் ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர். கோவில்பட்டிக்காரர். இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை: எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் காற்றையும் எண்ணெயையும் பிரிக்கும் டப்பாவை வடிவமைப்பது. பெயர் போடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். "பேரு வந்துச்சுன்னா சொந்தக்காரங்க பூரா வண்டி ரிப்பேருக்குக் கூப்பிடுவாங்கம்மா. எனக்கு பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது."

அவருடைய மேஜையைப் பார்த்தால் எந்த அம்மாவும் விளக்குமாற்றைத் தேடுவார். பாதி அறுத்த பிளாஸ்டிக் டப்பாக்கள், ரப்பர் ஹோஸ் துண்டுகள், ஒரு டப்பர்வேர் நிறைய ஓ-ரிங், அதே மாதிரி இன்னொரு டப்பர்வேரில் மிக்சர். தப்பித்தவறிக்கூட மாற்றித் திறக்க மாட்டாராம். அலமாரி மேல் கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக்கில் செய்த மாடல்கள் வரிசையாக நிற்கின்றன, கொலு வைத்ததுபோல. ஒவ்வொன்றுக்குள்ளும் நத்தை ஓடு, சுருள் படி, குட்டிக் குட்டிப் புனல். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான்.

"எதுக்கு சார் இவ்வளவு கோணல்மாணலா இருக்கு?"

"நமக்குன்னு எஞ்சின்ல யாரும்மா இடம் விடுறா? டர்போ உக்காரும், ஆல்டர்னேட்டர் உக்காரும், ஏசி கம்ப்ரசர் உக்காரும். பந்தியில எல்லாரும் உக்காந்தப்புறம் கிடைக்கிற மூலைதான் நமக்கு. அந்த மூலை என்ன வடிவமோ, அதுதான் நம்ம டிசைன்."

இந்த டப்பா எதற்கு? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், டெஸ்ட் ரூமுக்கு நேரமாகிறது. பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியத்தான் செய்யும். நம் ஊர் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்களே, அதேதான். புது வண்டியில் கொஞ்சம், தேய்ந்த வண்டியில் நிறைய. அந்த வாயு கீழே சுழலும் எண்ணெயைத் தூவானமாக அள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். முன்பெல்லாம் ஒரு குழாயை வண்டிக்கு அடியில் திறந்துவிட்டுக் கைகழுவிவிடுவார்கள். ரோடெல்லாம் எண்ணெய். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய கலிஃபோர்னியாதான் முதலில் விழித்துக்கொண்டது. அங்கே 1961 மாடல் கார்களில் அந்த வாயுவை மறுபடி எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. குடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எண்ணெயை வடிகட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் டர்போவிலிருந்து வால்வு வரை பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். நம் நாட்டில் வாகனப் புகை விதியில் 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 4-லிருந்து ஒரே தாவலில் பிஎஸ் 6-க்குப் போனோமே, அந்த வருஷங்களில் தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகவில்லை என்கிறார் நம்மவர்.

சரி, இயர் பிளக்கை மாட்டிக்கொள்ளுங்கள். கதவு திறக்கிறது.

அப்பப்பா! டெஸ்ட் ரூமா, செங்கல் சூளையா? நடுவே ஒரு டீசல் எஞ்சின் தன்னந்தனியாக, வண்டியே இல்லாமல், நிற்காமல் உறுமிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அதன் சக்தியை வாங்கித் தின்னும் டைனமோமீட்டர். அதன் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் குங்குமம் காய்ந்து பொருக்கு தட்டியிருக்கிறது. கேபிளில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஜெர்மனியில் செய்த கருவிக்கும் கண்ணேறு உண்டுதானே.

எஞ்சினோடு அக்ரிலிக் டப்பா ஒன்றை இணைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு உள்ளே ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு சாம்பல் மூட்டம். அது சுருளில் சுற்றச் சுற்ற, சுவரில் வியர்வை அரும்புவதுபோல் புள்ளி புள்ளியாக எண்ணெய். இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டன, கனத்தன, நழுவின, சொட்! நான் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் அண்ணன் சிரித்துவிட்டு, "முதல் சொட்டுக்கு எல்லாரும் கத்துவாங்க. சாரே கத்துவாரு" என்றார்.

கத்தாமல் என்ன செய்வது! அந்தத் துளிகளில் பல ஒரு மைக்ரான் அளவு. தலைமுடியின் தடிமனை எழுபது கூறு போட்டால் ஒரு கூறு. அசையாத காற்றில் அப்படி ஒரு துளி தானாக ஒரு மீட்டர் கீழே இறங்க ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறினால் திருநெல்வேலியை நெருங்கிவிடலாம். எஞ்சின் அவ்வளவு நேரம் காத்திருக்குமா? அதனால்தான் சுழற்றுகிறார்கள், வளைக்கிறார்கள், சுவரில் மோதவிடுகிறார்கள்.

"ரொம்ப இறுக்கிப் பிடிச்சா எஞ்சினுக்கு மூச்சு முட்டும். விட்டுப் பிடிச்சா எண்ணெய் ஓடிரும். பிள்ளை வளக்குற மாதிரிதான். அதைவிடக் கஷ்டம், பிடிச்ச எண்ணெயைத் திரும்ப வீட்டுக்கு அனுப்புறது. கீழ இருந்து காத்து மேல தள்ளுது, எண்ணெய் அதை எதிர்த்துக் கீழ இறங்கணும். என் முடி கொட்டுனது அந்த டிரெயின் குழாயாலதான்" என்றார் எஞ்சினியர்.

மூச்சு முட்டினால் என்ன ஆகும்? டெக்னீஷியன் அண்ணன் விரலை மேலே நீட்டினார். கூரைத் தகரத்தில் ஒரு சின்னப் பள்ளம். ஒருமுறை குளிரூட்டிய அறையில் மைனஸ் 25 டிகிரி சோதனை. வாயுவில் இருந்த நீராவி ஹோஸுக்குள் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ள, உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் ராக்கெட்டாகக் கிளம்பிவிட்டதாம். மறுநாள் யாரோ பள்ளத்துக்குக் கீழே 'ஸ்ரீஹரிகோட்டா' என்று சாக்பீஸில் எழுதிவிட்டார்கள். ஆறு வருஷமாகியும் யாரும் அழிக்கவில்லை.

டீ வந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு எஞ்சினியர் உட்கார்ந்தார். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். ஊர்ப் பால் சொசைட்டியில், கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மூக்கில் ஏடும் இன்னொரு மூக்கில் பாலும் வரும் மெஷினைப் பார்த்து வாய் பிளந்து நின்ற பையனாம் இவர். அந்த ரகத்தின் மூதாதை, ஸ்வீடன்காரர் குஸ்தாவ் டி லாவல் 1878-ல் கொண்டுவந்த ஏடு பிரிப்பான். கூம்புத் தட்டுகளை அடுக்கிச் சுழற்றும் யோசனை பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதோடு சேர்ந்தது. அவர் வழிவந்த ஆல்ஃபா லாவல் கம்பெனி அதே தட்டடுக்கைச் சின்னதாக்கி, கனரக லாரி எஞ்சினில் எண்ணெய் பிரிக்கப் பூட்டியிருக்கிறது. "பாலுக்குச் செஞ்சதுதான் லாரிக்கும் ஆச்சு. எங்க அம்மாகிட்ட சொன்னேன். 'அப்ப சொசைட்டியிலயே வேலைக்குப் போயிருக்கலாமேடா'ங்கிறா."

கடைசிக் காட்சி ஒரு குட்டி அறையில். டப்பாவைத் தாண்டித் தப்பித்த எண்ணெயை ஒரு வட்ட ஃபில்டர் பிடித்து வைத்திருக்கிறது. அதன் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. தராசு மில்லிகிராமுக்கும் கீழே காட்டும். "ஃபேனை நிறுத்துங்க!" என்று ஒரு குரல். ஏசியும் நின்றது. காற்று பட்டால் எண் ஆடும், விரல் வியர்வை பட்டால் எடை ஏறும். ஒரு பயிற்சிப் பெண் கையுறை மாட்டி, இடுக்கியால் ஃபில்டரைத் தூக்கி வைத்தாள். ஐந்து பேர், ஒரு சன்னல் இல்லாத அறை, சென்னை மே மாதம். யாரும் மூச்சு விடவில்லை. என் மூக்கு நுனியிலிருந்து சொட்டப்போன வியர்வையைத் துப்பட்டாவால் ஏந்திக்கொண்டேன்.

வாடிக்கையாளர் கொடுத்த எல்லை, மணிக்கு அரை கிராம். கால்குலேட்டரைத் தட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். "புள்ளி அஞ்சு மூணு, சார்."

அடச்சே என்றது நான்தான். அவர் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மாடலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு வளைவின் மேல் நகத்தால் கீறினார். "இந்த மூக்கை ரெண்டு மில்லிமீட்டர் இறக்கு. காலையில ஏழு மணிக்கு ஓட்டுவோம்."

ஏழு மணிக்கு நானும் போவதாகத்தான் இருந்தேன். பாஸ் ஒரு நாளைக்குத்தான் என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள்.