இன்ஸாய்: மறுபடி திறந்து பார்த்ததில் சில குறிப்புகள்

2025 மார்ச் 28 அன்று இன்ஸாய் ஸ்டீமில் 'ஏர்லி ஆக்சஸ்' நிலையில் வெளியானது. தயாரிப்பது தென்கொரியாவின் கிராஃப்டன். நம்ம பக்கத்துப் பையன்கள் போனில் விடாம ஆடுற பிஜிஎம்ஐயும் அவங்களோடதுதான். ஏர்லி ஆக்சஸ் என்பது, பூச்சு வேலை முடியாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுவது மாதிரி. நாம உள்ளே இருக்கும்போதே கொத்தனாரும் வேலை பார்த்துக்கிட்டே இருப்பார். அப்படியும் முதல் வாரத்திலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றன. வந்த புதிதில் ஆடிவிட்டு மூடி வைத்திருந்ததை இப்போது மறுபடி திறந்தேன். அதில் தோன்றியவை இவை.

இந்த வகை விளையாட்டைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். லைஃப் சிமுலேஷன், அதாவது வாழ்க்கையை மாதிரி செய்து காட்டுவது. இதில் ஜெயிப்பு, தோல்வி கிடையாது. ஒரு ஆளை உருவாக்குறோம், வீடு கட்டிக் கொடுக்குறோம், வேலைக்கு அனுப்புறோம், கல்யாணம் பண்ணி வைக்குறோம். இந்த வகையில் பேர் பெற்றது 2000 பிப்ரவரியில் வந்த 'தி சிம்ஸ்'. அதை உருவாக்கிய வில் ரைட், 1991இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் வீட்டை இழந்தவர். எரிந்துபோன சாமான்களில் எதை முதலில் வாங்குவது, எது எதற்கு நிஜமாகவே தேவை என்று யோசித்ததுதான் அந்த விளையாட்டின் விதை. நெருப்பிலிருந்து பிறந்த விளையாட்டு அது. நெருப்பை நம்பியே பிழைக்கிற சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு இது கவனிக்க வேண்டிய சேதி.

சிம்ஸுக்குப் போட்டியாக வர நினைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'லைஃப் பை யூ' 2024 ஜூனில் வெளிவராமலேயே கைவிடப்பட்டது. 2019இல் அறிவிக்கப்பட்ட 'பாராலைவ்ஸ்' தேதி தள்ளித் தள்ளிப் போனது. அதனால், முடியாத நிலையிலும் ஆட முடிகிற இன்ஸாய் மேல் எல்லார் கண்ணும் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

எதை முதலில் கட்டுகிறார்கள்?

முடியாத விளையாட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கு. எதை முதலில் செய்தார்கள், எதை 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டார்கள் என்பது தெரியும். வாழ்க்கை என்றால் என்னன்னு அவங்க நினைக்கிறாங்க என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இன்ஸாயில் மக்கள் கைக்கு முதலில் வந்தது முகமும் உடையும்தான். 2024 ஆகஸ்டில் பாத்திரம் உருவாக்கும் பகுதியை மட்டும் தனியாகக் கொஞ்ச நாள் திறந்துவிட்டார்கள். பிறகு முழு விளையாட்டோடு கொரிய நகரச் சாயலில் தோவோன், கலிபோர்னியாக் கடற்கரைச் சாயலில் பிளிஸ் பே. 2025 ஆகஸ்டில் தென்கிழக்கு ஆசியச் சாயலில் சஹாயா தீவு இலவசமாகச் சேர்ந்தது. நாமே பொருள்களைச் செய்து சேர்க்கும் மாட்கிட் கருவியும் வந்தது. பார்க்க எல்லாம் அத்தனை அழகு. தலைமுடி தனித்தனியாக அசைகிறது. அந்த அழகுக்கு விலையும் உண்டு: குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறது.

ஆளுக்குள்ளே இருப்பவை பசி, தூக்கம், குளியல், பொழுதுபோக்கு, பிறரோடு பழகுதல், அங்கீகாரம் என்று சில அளவுக்கோடுகள். கோடு குறைந்தால் ஆள் வாடுவான், நாம நிரப்பணும். நகரம் முழுவதையும் மாற்றும் வசதியும் உண்டு. வெயிலா மழையா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். மறுமுறை ஆடும்போது என்னை நிறுத்தியது இந்த இடம்தான்.

ஃபயர் ஆபீஸ் வேலையை எப்படி எழுதுவது?

நம்ம பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை 'ஃபயர் ஆபீஸ்' என்றுதான் சொல்வோம், தீப்பெட்டிக்குத் 'தீப்பெட்டி ஆபீஸ்'. மழை குறைவு, விவசாயம் கைகொடுக்காது என்ற நிலத்தில்தான் இந்தத் தொழில் வேரூன்றியது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு மழை நாள் என்றால் என்ன? செய்த சரக்கு காயாது. காயாவிட்டால் அடுத்த வேலை இல்லை. பீஸ் ரேட்டில் திரி சொருகுற அக்காவுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. ஏற்கனவே வாங்கிய முன்பணம் கழியாது. இன்ஸாயில் மழைக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே வானம்தான் முதல் அளவுக்கோடு.

அடுத்தது நாள்காட்டி. ஆடிப்பெருக்கு அன்று கடைகளில் பூஜை போட்டுப் புது விற்பனை தொடங்கும். அங்கிருந்து தீபாவளி வரை ஊரே ஒரே தேதியை நோக்கி ஓடும். சரக்கு அவசரம், ஆள் அவசரம், லாரி அவசரம். வருஷம் முழுவதும் ஒரே சீராக ஓடுகிற விளையாட்டுக் கடிகாரத்துக்கு இந்த அவசரம் புரியாது.

மூன்றாவது, தூரத்து முடிவு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று 2 மணி நேரம் மட்டும் என்றது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை. சரம் பின்னியே பிழைத்த குடும்பங்களின் வருமானம் டெல்லியில் எழுதிய ஒரு உத்தரவில் மாறியது. இதற்கு எந்தக் கோட்டை நிரப்புவது?

விபத்து என்பது பகடையா?

இதுதான் முக்கியமான கேள்வி. சிம்ஸில் சமைக்கத் தெரியாதவன் அடுப்பைப் பற்றவைத்தால் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். உள்ளே பகடை உருளும், அவ்வளவுதான். இன்ஸாயில் தீயணைப்பு வீரர் வேலை இருக்கிறது. தீ வந்த பிறகு அணைக்கப் போகலாம்.

நம்ம ஊர் தீ அப்படி வருவதில்லை. ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதைவிடக் கூடுதலாக உட்கார வைப்பது ஒரு காரணம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஷெட்டுகளை உள்குத்தகைக்கு விடுவது இன்னொன்று. கோடை வெப்பம், உராய்வு, கலந்து மிஞ்சிய மருந்து, நெருங்கி வரும் தீபாவளி. இவ்வளவும் சேர்ந்து ஒரு நொடியில் முடிகிறது. அதைப் பகடையாக எழுதினால் 'எல்லாம் விதி' என்று சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காரணங்களைச் சங்கிலியாக எழுதினால், எந்தக் கண்ணியை அறுத்தால் உயிர் மிஞ்சும் என்று ஆடுபவரே கண்டுபிடிக்கலாம். பாதுகாப்பு வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதைவிட அது மனதில் நிற்கும்.

இன்ஸாயில் 'கர்மா' என்றே ஒரு அமைப்பு உண்டு. ஒவ்வொருவரின் நல்லது கெட்டதும் அவரவர் கணக்கில் சேரும். கணக்கு மோசமானவர் செத்தால் பேயாக அலைவார். கேட்க நம்ம பாட்டி சொன்னது போலத்தான் இருக்கு. ஆனால் உள்குத்தகைக்கு விட்டவர் ஒருவர், செத்தவர் வேறொருவர் என்றால் கணக்கு யார் பெயரில் எழுதுவது? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். ஆபத்தை நோக்கி ஓடுகிற மனுசனை எந்த அளவுக்கோடு ஓட வைக்கும்?

வெளியான சில நாளிலேயே, இன்ஸாயில் காரை விட்டுக் குழந்தைகளை மோத முடிகிறது என்று தெரியவந்தது. அது தெரியாமல் நேர்ந்த பிழை என்று வருத்தம் தெரிவித்து உடனே திருத்தினார்கள். சரியான காரியம். ஆனால் திருத்தம் என்பது அந்தச் சாவு நடக்காமல் செய்தது மட்டும்தான். ஏன் நடக்கிறது என்று காட்டுவது வேறு வேலை, கஷ்டமான வேலை.

மாட்கிட்டை வைத்து யாராவது நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஒரு சிவகாசி செய்ய நினைத்தால் ஒரு யோசனை. மேட்டுத்தெருவையும் கோயில் கோபுரத்தையும் புரோட்டாக் கடையையும் பிறகு கட்டிக்கலாம். அவை சுலபம், போட்டோ இருந்தால் போதும். முதலில் ஒரே ஒரு அறை செய்யுங்கள். அதில் 4 பேர், ஒரு நாள் வெயில், கழியாத முன்பணம், தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்ற எண். ஐந்தாவது ஆள் வாசலில் வந்து, "அக்கா, எனக்கும் ஒரு இடம் கொடுங்க" என்று கேட்கிறாள். என்ன செய்வீங்க என்று ஆடுபவரிடம் கேளுங்கள்.