நிலைமாறிக் கற்கும் கணக்கு

நாற்பது மாணவர் கூடிய வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் பின்னக் கணக்கொன்றைச் செய்து காட்டுகின்றார். "விளங்கிற்றா?" என வினவுகின்றார். "விளங்கிற்று, ஐயா" என்னும் குரல் முன்வரிசையிலிருந்து எழுகின்றது. கடைசி வரிசையில் இருப்பவன் வாய் திறவான். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு ஆகும் என்று அவன் ஏட்டில் எழுதியுள்ளான். மேலுள்ள எண்களை ஒன்றாகவும் கீழுள்ள எண்களை ஒன்றாகவும் கூட்டிவிட்டான். விடை அரையினும் குறைந்திருத்தலை அவன் நோக்கவில்லை. நாற்பது ஏடுகளுக்கிடையே ஆசிரியர் கண்ணிலும் அது படவில்லை. இப்பிழை ஏழாம் வகுப்பிலேயே களையப்படாவிடின், பின்னர் இயற்கணிதம் பயிலுங்கால் அவனுக்குக் கணக்கு என்றாலே அச்சமும் வெறுப்பும் தோன்றிவிடும்.

இக்குறையைப் போக்கக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று நிலைமாறிக் கற்றல். வகுப்பில் நான்கு நிலைகள் அமைக்கப்படும். நிலைக்குப் பத்துப் பேராக மாணவர் அமர்வர். பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை மணி ஒலிக்கும். ஒவ்வொரு குழுவும் எழுந்து அடுத்த நிலைக்குச் செல்லும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் நாற்பது நிமிடம் கற்றலுக்கும், எஞ்சிய ஐந்து இடம் மாறுதற்கும் ஆகும்.

சிறு குழுக்களாகப் பயில்வது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எண்சுவடியை ஓதுவித்தான். சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்தார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கலானார். தம் அனுபவத்தை 1797இல் இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். 'சென்னை முறை' என அது பெயர் பெற்றது. 1798இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதனையொத்த முறையைக் கையாண்டார். சுவரில் தொங்கிய பாட அட்டையின் முன் மாணவர் அரைவட்டமாக நின்று, தலைமாணவன் கேட்பனவற்றிற்கு விடை கூறினர். ஆனால் அத்தலைமாணவன் தனக்குச் சொல்லப்பட்டதையே திரும்பச் சொன்னான். 'ஏன்' என்னும் வினாவிற்கு அங்கே பெரிதும் இடமில்லை. இன்றைய முறை அவ்வினாவிற்கே இடந்தருவது.

முக்காலை அரைக்காலால் வகுக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலையில் நீண்ட காகிதத் துண்டு ஒன்றை மும்முறை மடித்து எட்டுச் சம பங்காக்குவர். அதில் முக்கால் அளவிற்கு வண்ணந் தீட்டி, அதனுள் எத்தனை அரைக்கால்கள் உள்ளன என எண்ணுவர். ஆறு இருக்கும். மற்றொரு நிலையில் முக்கால் லிட்டர் நீரை 125 மில்லி லிட்டர் குவளையால் முகப்பர், அங்கும் ஆறு. (படியால் நெல் அளந்த முன்னோர்க்கு ஒரு படி எட்டு ஆழாக்கு ஆதலின், முக்காற்படிக்கு ஆறு ஆழாக்கு என்பதை விளக்க வேண்டியதே இல்லை.) மூன்றாம் நிலையில் பயிற்சி அட்டைகள் இருக்கும். அட்டையின் பின்புறம் விடை உண்டு. அதை முதலிற் புரட்டிப் பார்க்கும் கைகளும் உண்டு. அதனை முற்றும் தடுத்தல் அரிது.

நான்காவது, ஆசிரியர் அமரும் நிலை. இம்முறையின் உயிர் இங்கேதான் உள்ளது. பத்துப் பேர் ஏடும் அவர் கண்முன் இருக்கும். கடைசி வரிசை மாணவன் இங்கே கடைசியில் இல்லை. அவன் எழுதிய ஐந்தில் இரண்டைக் கண்ட ஆசிரியர், தவறு என்று அடிக்காமல், "அரை ரொட்டி உன்னிடம் இருக்கின்றது, இன்னும் ஒரு துண்டு தருகின்றேன். இப்பொழுது அரையினும் குறைந்துவிடுமா, தம்பி?" என வினவுவார். அவன் சற்று நேரம் ஏட்டையே பார்ப்பான். பின் தானே அதனை அழிப்பான்.

இம்முறையில் இடர்களும் உள. எந்நிலையும் மற்றொன்றைச் சார்ந்திருத்தல் ஆகாது. பயிற்சி நிலையில் தொடங்கும் குழுவினர் புதிய வகுத்தலை இன்னும் அறியார். ஆதலின் அங்கே சென்ற வாரம் கற்ற கூட்டலையும் கழித்தலையும் வைத்தலே தக்கது. குழுக்களையும் நிலையாக வைத்தல் கூடாது. வல்லவர் குழு, மெல்லியர் குழு எனப் பெயர் பதிந்துவிட்டால் பிள்ளைகள் அப்பெயருக்கேற்பவே ஒழுகத் தொடங்குவர். ஓசை மிகும், அடுத்த வகுப்பாசிரியர் எட்டிப் பார்ப்பார். நீள்பலகைகள் நெருங்கிய அறையாயின், இரு நிலைகளைத் தாழ்வாரத்திற்கோ மரநிழலுக்கோ கொண்டு செல்ல நேரும்.

நாள்தோறும் இவ்வாறு நடத்த இயலாது. அட்டைகள் எழுதவும் பொருள்கள் திரட்டவும் ஆசிரியர்க்கு ஒரு மாலைப்பொழுதேனும் வேண்டும். வாரம் ஒரு நாள் போதும். முக்கோணத்தின் கோணங்கள் கூடி இரண்டு செங்கோணம் ஆதலைப் படிப்படியாக நிறுவுங்கால், நாற்பது பேரும் ஒருங்கே கரும்பலகையை நோக்கியிருத்தலே நன்று.