தொட்டி மறக்காத தாமிரம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து நாலடிக் கண்ணாடித் தொட்டி, பில்டர், மோட்டார், ஸ்கிம்மர் எல்லாவற்றையும் மலிவாக வாங்கினாராம். ஒரு வாளி கல்லும் மணலும் இலவசமாகக் கிடைத்ததாம். கடல்நீர் நிரப்பி, கோமாளி மீனும் இறாலும் வளர்க்க ஆசை. "எல்லாவற்றிலும் வெள்ளையாகக் காரை பிடித்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவலாமா?" என்று கேட்கிறார்.

சோப்பு வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மீனின் செவுளைக் கெடுக்கும். பாத்திரம் தேய்க்கும் பழைய ஸ்பாஞ்சும் கூடாது.

அந்தக் காரை பெரும்பாலும் சுண்ணாம்புதான். போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டர் கம்பியில் கெட்டியாகப் படியுமே, அதே சரக்கு. வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து மோட்டாரின் விசிறி, ஸ்கிம்மரின் கிண்ணம் ஆகியவற்றை ஒரு ராத்திரி ஊறவிட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். ஊதா நிறத்தில் படிந்திருப்பது ஒருவகைக் கடற்பாசி. அதன் உடம்பும் சுண்ணாம்பு என்பதால் வினிகருக்கு அதுவும் இளகும். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது கிருமி. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி, மீனை விட்டு இறங்கிக் கல்லிலும் கண்ணாடியிலும் கூடு கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கும். வாசனை சேர்க்காத பிளீச் திரவத்தை நிறையத் தண்ணீரில் கலந்து ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக அலசி, மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் கலந்த தண்ணீரில் மீண்டும் ஊறவைத்து, கடைசியில் வெயிலில் ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். வினிகர் வாடை முழுக்கப் போன பிறகுதான் பிளீச்சைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துக் கொட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மூச்சை அடைக்கும் விஷம் அது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

இவ்வளவு செய்தும் கழுவ முடியாத ஒன்று தொட்டியில் இருக்கக்கூடும். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது தாமிரம்.

வெண்புள்ளிக்குத் தாமிர மருந்து ஊற்றுவது வழக்கம். திறந்த கடலில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் தாமிரம்கூட இருக்காது. சிகிச்சைக்கு ஊற்றும் அளவோ 150 முதல் 200 மைக்ரோகிராம் வரை. மீன் தாங்கிக்கொள்ளும், ஒட்டுண்ணி சாகும், கூடவே இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். தாமிரத்தின் இந்தக் கொல்லும் குணத்தை மனிதர்கள் முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். மரக்கப்பலின் அடியைக் கடல் புழுக்கள் துளைக்காமலிருக்க, 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பாகம் முழுவதும் தாமிரத் தகடு அடித்தது.

எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம் ஒன்று உண்டு. இறாலின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே தாமிரம்தான். நமக்கு இரும்பு எப்படியோ அப்படி. பிராணவாயு ஏறியதும் அந்த ரத்தம் நீலமாகும். ஒவ்வொரு பிராணவாயு மூலக்கூறையும் இரண்டு தாமிர அணுக்கள் நடுவில் பிடித்துக்கொள்கின்றன. உயிர் வாழத் தாமிரம் வேண்டிய அதே பிராணி, தண்ணீரில் கரைந்த தாமிரத்தால் மடிகிறது. உணவின் வழி வருவதை உடம்பு புரதத்தில் பூட்டி வைத்துக்கொள்கிறது; செவுள் வழியாக நேரே நுழைவதோ, உடம்பின் உப்பைச் சமன் செய்யும் ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. கரைந்த தாமிரத்தின் மீதான அச்சம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் பாட்டி செம்புக் குடத்தைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பார். புளித்த பண்டம் எதையும் அதில் ஊற்றவிட மாட்டார். அமிலம் பட்டால் செம்பு கரையும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

மருந்து கலந்த தண்ணீரை மாற்றினாலும் தாமிரம் எளிதில் போகாது. சுண்ணாம்புக் கல்லிலும் பவள மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் பசையிலும் தங்கும் என்று மீன் வளர்ப்போர் சொல்வார்கள். ஆகவே வரலாறு தெரியாத மணலையும் கல்லையும் உள்ளே போடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சில நாள் ஓடவிட்டு, தாமிரம் அளக்கும் சோதனைப் பெட்டியால் பாருங்கள். துளி தெரிந்தாலும் அதை மீன்கள் மட்டும் வாழும் தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாளியில் வந்த கற்களில் பவளத்தின் மலர் போன்ற வரிகள் தெரிந்தால் பிரச்சினை வேறு. பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. இறந்த எலும்புக்கூடும் அழகுப் பொருள் அல்ல. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் உண்டு. 1986இல் அங்கே கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டும், வெட்டிய இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் வேண்டும். அத்தகைய கல்லை விற்கவும் வேண்டாம், பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம். வனத்துறையிடம் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள்.

திருச்சி நண்பரே, தொட்டியை விற்றவருக்கு இன்றே போன் போட்டு, "எப்போதாவது தாமிர மருந்து ஊற்றினீர்களா?" என்று கேளுங்கள். பிற்பாடு நீங்கள் இந்தத் தொட்டியை விற்க நேர்ந்தால், அதே கேள்விக்கான பதிலை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுங்கள்.