கோடை விடுமுறையில் மாநகரம் காணும் எல்லையோரக் குழந்தைகளும் அவர்களது உடல்நலமும்

விடுமுறையும் வெயிலும் சேரும் காலம்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு, தேவிகுளம், வட்டவடை, பூப்பாறை, வண்டிப்பெரியார் முதலிய மலையூர்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய எல்லையூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, கோவையிலோ மதுரையிலோ கொச்சியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஊர் காட்டி வரும் வாய்ப்பு கோடை விடுமுறையில்தான் கிட்டுகிறது. கேரளப் பள்ளிகள் ஏப்ரல், மே மாதங்களில் மூடப்பட்டு ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படுவதால், இந்தப் பயணம் சமவெளி நகரங்கள் மிகக் கடுமையாகக் காயும் வாரங்களிலேயே நிகழ்கிறது. விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். எல்லையோரக் குழந்தைகளின் நலனையும் அந்த விவாதத்தில் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நகரப் பயணத்தில் சிறு குழந்தைகளுக்கு நேரும் துன்பங்களுள் மிகப் பல அரிய நோய்களால் வருவன அல்ல. புதிய தட்பவெப்பத்துக்குப் பழக உடலுக்கு நாள் தராமல், பெரியவர்களின் நாளொழுங்கைக் குழந்தையின்மேல் ஏற்றுவதால் வருவன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது சிறப்பாகப் பொருந்தும்.

மலையிறக்கம்: வாந்தியும் காதடைப்பும்

மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகவோ, குமுளியிலிருந்து கம்பம் நோக்கியோ, மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கோ இறங்கும் மலைப்பாதைகள் ஒவ்வொன்றிலும் வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதாக உணர்த்த, வண்டிக்குள்ளேயே நோக்கும் கண்கள் அசைவில்லை என்று உணர்த்துவதால் மூளையில் எழும் முரண்பாடே பயணக் குமட்டலாக வெளிப்படுகிறது. 2 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது அரிதாகவும், 2 முதல் 12 வயது வரையிலானவர்களிடம் மிகுதியாகவும் காணப்படுகிறது. வெறும் வயிற்றோடும் எண்ணெய்ப் பண்டங்களால் நிறைந்த வயிற்றோடும் கிளம்புவதைத் தவிர்த்து, இட்லி போன்ற எளிய உணவைச் சிறிதளவு கொடுத்து, தொலைவில் உள்ள மலையையோ வானத்தையோ பார்க்கும்படி குழந்தையை அமர்த்தி, கைப்பேசித் திரையை அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காவது விலக்கி வைத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குமட்டல் குறைகிறது.

குமட்டலை அடக்கும் மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இவ்வகை மருந்துகளுள் சில, தூக்கத்தை வரவழைப்பதோடு வியர்வைச் சுரப்பையும் குறைக்கும் இயல்புடையவை. ஆகவே குளிர்ந்த மலையில் மருந்தை விழுங்கிய குழந்தை, கீழே இறங்கி வெயிலில் நிற்கும் நேரத்தில் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் குறைந்த நிலையில் இருக்கக்கூடும். மருத்துவர் எடைக்கேற்ற அளவைக் குறித்துக் கொடுக்காமல் இவற்றைத் தருவதும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாமாகவே கடையில் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தானவை.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைக் காட்டிலும் சுமார் 15 விழுக்காடு குறைவாக இருப்பதால், வேகமாக இறங்கும்போது செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்பட்டுக் காது அடைக்கிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல், விழுங்கும்போது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு அக்குழல் வீங்கியிருப்பதால் வலி மிகும். கைக்குழந்தைக்கு வண்டியை நிறுத்திப் பாலூட்டுவதும், வளர்ந்த குழந்தைக்கு வாய் வாயாகத் தண்ணீர் கொடுப்பதும் போதுமானவை. கடினமான மிட்டாய் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு அது ஏற்றதன்று.

வெப்பத்துக்குப் பழகாத உடல்

மூணாற்றில் கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்க, சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் 37, 38 டிகிரியில் நின்று, சில நாள்களில் 40ஐயும் கடக்கிறது. 2003 மே 31 அன்று அந்நகரில் 45 டிகிரி பதிவானது. வெப்பச் சூழலில் தொடர்ந்து இருக்கும் உடல், விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கவும், வியர்வையில் உப்பை இழக்காமல் காக்கவும் படிப்படியாகக் கற்றுக்கொள்கிறது. வெப்பத் தகவமைவு எனப்படும் இம்மாற்றம் முழுமையடைய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. குழந்தைகளுக்கு இன்னும் மெதுவாகவே அது கைகூடுகிறது. விடுமுறைப் பயணமோ நான்கைந்து நாள்களில் முடிந்துவிடுகிறது. அதாவது, மலைக்குழந்தையின் உடல் நகரத்து வெயிலுக்குப் பழகத் தொடங்குமுன்பே ஊர் சுற்றும் வேலை முடிந்து, அத்தனை நாள்களும் பழகாத உடலோடேயே கழிகின்றன.

பாலக்காட்டு எல்லையூர்க் குழந்தைகள் வெயிலறிந்தவர்கள். 2024 ஏப்ரல் இறுதியில் இந்திய வானிலை ஆய்வுத்துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்ததை அவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் அங்கு வியர்வை விரைவில் உலர்கிறது. சென்னையிலும் கொச்சியிலும் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால், வழிந்தோடும் வியர்வை ஆவியாகாமல் உடலைக் குளிர்விக்கும் பணியில் தோற்கிறது. வெயிலைத் தாங்கும் பிள்ளை என்ற நம்பிக்கையில் பாலக்காட்டுப் பெற்றோரும் கவனம் தளர்ந்துவிடக் கூடாது.

எடையோடு ஒப்பிடுகையில் குழந்தையின் தோற்பரப்பு பெரியது. ஆகவே சுற்றுப்புற வெப்பம் உடலுக்குள் விரைந்து ஏறுகிறது. ஓடியாடும்போது அதன் உடலில் பிறக்கும் வெப்பம் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகமாகவும், சுரக்கும் வியர்வை குறைவாகவும் இருக்கின்றன. தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது என்பது இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் போன்ற திறந்தவெளிகளைக் காலை முதல் மணிநேரங்களிலும், எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போன்ற கூரையுள்ள இடங்களை வெயிலேறிய பிறகும், கடற்கரையை மாலை 5 மணிக்கு மேலும் வைத்துக்கொண்டு, 12 மணி முதல் 4 மணி வரை குழந்தையை உறங்கவிடுவதே சரியான நாளொழுங்கு. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். முதல் இரண்டு நாள்களை வீட்டைச் சுற்றியே கழிப்பது வீண் செலவாகத் தோன்றினாலும் குழந்தைக்கு அதுவே நன்மை.

ஆறு மாதம் நிறையாத, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு எத்தகைய வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பாலூட்டினால் போதும், தாய்தான் நிறையத் தண்ணீர் அருந்த வேண்டும். தமிழக அரசுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் ஏற்படுத்தப்பட்ட தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை வெளியூர்த் தாய்மார்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். வேர்க்குரு தோன்றினால் பருத்தி ஆடையும் குளிர்ந்த நீர்க் குளியலும் வேண்டுமே தவிர, முகத்தருகே தூவப்பட்டு மூச்சோடு உள்ளே செல்லும் பவுடர் வேண்டாம். மலையிலிருந்து வாடகைக் காரிலோ ஜீப்பிலோ வருவோர், கடைக்குச் சென்று திரும்பும் சில நிமிடங்களுக்குக்கூடக் குழந்தையை மூடிய வண்டிக்குள் விட்டுச் செல்லக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிடங்களில் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடிவிடுகிறது.

குழந்தை சோர்ந்து, தலைவலி, வாந்தி, மிகு வியர்வை என்ற நிலையில் இருந்தால் நிழலும் நீரும் ஓய்வும் மீட்டுத் தரும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பிதற்றல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால் அது வெப்பவாதம், அதாவது மூளையும் பிற உறுப்புகளும் வெப்பத்தால் பழுதடையும் அவசர நிலை. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவு தவறிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

உணவும் தண்ணீரும்

பயண நாள்களில் வரும் வயிற்றுப்போக்குக்கு, சர்பத்தில் மிதக்கும் பனிக்கட்டியும், வெட்டித் திறந்து வைத்த பழத்துண்டுகளும், கழுவாத கைகளுமே பெரும்பாலும் வழியமைக்கின்றன. கண்ணெதிரே ஆவி பறக்கச் சமைத்த உணவும், காய்ச்சி ஆறிய நீரும், வீட்டில் உரித்துத் தரும் வாழைப்பழமும் நம்பத்தக்கவை. புளியோதரை அதன் புளிப்பினால் சற்றுத் தாங்கும். தயிர்சாதமும் வெண்பொங்கலும் கோடை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கத் தக்கவை அல்ல.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் ஆற்றலைக் காட்டிய பெருநிகழ்வு இந்திய மண்ணிலேயே நடந்தது: 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இக்கரைசலைப் பெருமளவில் கொடுத்து உயிர்களைக் காத்தார். ஓஆர்எஸ் எனப்படும் அப்பொடியை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொடியைக் குவளைத் தண்ணீரில் கரைத்தால் உப்பின் செறிவே குழந்தைக்குத் தீங்காகும். ஒவ்வொரு வயிற்றுப்போக்குக்குப் பின்னும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறிது சிறிதாகப் புகட்டலாம். ஓஆர்எஸ் என்ற பெயரைச் சுமந்த இனிப்புப் பானங்கள் கடைகளில் நெடுநாள் விற்கப்பட்டதையும், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயர்ப் பயன்பாட்டைத் தடைசெய்ததையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை வளர்க்கும். மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இன்மை, குழிவிழுந்த கண்கள், குடிக்க மறுத்தல் ஆகியவை உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும் இரவு பகலாக இயங்குகின்றன.

கூட்டம், சாலை, கடல்

தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் பேருந்துகளின் முனையமாக 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம், நகரின் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், இரவு முழுதும் உறங்காத குழந்தையோடு இன்னொரு நெடும்பயணம் காத்திருக்கிறது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்ட சென்னை ரயிலும், பொள்ளாச்சி, பழனி வழியாகச் செல்லும் பாலக்காட்டு ரயிலும் படுத்துறங்கிச் செல்ல இடமளிப்பதால் கைக்குழந்தைக்காரர்களுக்கு இவையே ஏற்றவை.

தேயிலைத் தோட்டத்துக் குழந்தையிடம் ஊரைக் கேட்டால் எஸ்டேட்டின் பெயரையும் அதன் பிரிவான டிவிஷனின் பெயரையும் சொல்லும். அம்முகவரி நகரத்துக் காவலருக்கு எதையும் உணர்த்தாது. ஆகவே தாய் அல்லது தந்தையின் கைப்பேசி எண்ணைக் குழந்தைக்குப் பாடமாக்கி, உள்ளாடையிலோ முன்கையிலோ எழுதியும் வைப்பது நல்லது. ஒவ்வொரு காலையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் தேடுவோருக்கு அது உதவும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ரயில்வேக்கு 139, பொது அவசரத்துக்கு 112. விரைந்து வரும் வண்டியின் தொலைவையும் வேகத்தையும் கணிக்கும் திறன் சிறு குழந்தைகளிடம் முதிர்ந்திருப்பதில்லை என்பதால், சாலையருகே மணிக்கட்டைப் பிடித்தே நடத்திச் செல்ல வேண்டும்.

பாலக்காடும் இடுக்கியும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். கடலை முதன்முதலாகக் காணும் குழந்தையின் மகிழ்ச்சி தடுக்கத் தக்கதன்று. எனினும் மெரினாவில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டங்கள் நீந்தத் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கின்றன. கணுக்கால் அளவு நீரிலும் கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நிற்பது கட்டாயம்.

தடுப்பூசியும் கொசுவும்

தட்டம்மை வைரஸ் நோயாளி நீங்கிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கித் தொற்றக்கூடியது. கூட்டம் மிகுந்த நகரில் அதைத் தடுப்பது, 9 மாதம் நிறைந்ததும் ஒன்றும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மற்றொன்றுமாகப் போடப்படும் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியே. தவறவிட்ட ஊசியைப் புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டால்தான் எதிர்ப்பாற்றல் உருவாக நேரம் கிடைக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால் பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும். சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவோ, மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி இரவில் கடிக்கிறது.

ஊர் திரும்பிய பின்

டெங்கு, கொசு கடித்த 4 முதல் 10 நாள்களிலும், மலேரியாவும் தட்டம்மையும் ஏறத்தாழ இரண்டு வாரத்திலும் வெளிப்படக்கூடியவை. வைவாக்ஸ் வகை மலேரியா மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். எனவே திரும்பிய பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், சென்று வந்த நகரத்தின் பெயரையும் தங்கிய நாள்களையும் எஸ்டேட் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலிலேயே சொல்ல வேண்டும்; மலேரியா அரிதான மலையூரில் மருத்துவருக்கு அந்த ஐயம் தானாக எழாமல் போகலாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். டெங்குவின் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தணியும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே வருவதால், உடல் குளிர்ந்ததைக் குணமடைந்ததாகக் கொள்ளாமல், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், மந்தம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வட்டவடை போன்ற ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனையை அடைய மலைப்பாதையில் பல மணி நேரம் ஆவதால், இவற்றுள் ஒன்று தோன்றியவுடனேயே, பொழுது சாயுமுன் குழந்தையோடு புறப்பட்டுவிட வேண்டும்.