பூட்டிய வீட்டுக்குள் ஒரு வேட்டை விலங்கு

காலை எட்டரைக்குப் பூட்டிய கதவு மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் சென்னை ஃப்ளாட்டுகளில் பூனைகளின் பகல்பொழுது இந்தப் பத்தரை மணி நேரம்தான். ‘பாவம், தனியா என்ன பண்ணுமோ’ என்ற உறுத்தல் வளர்ப்பவர்களுக்கு இருக்கிறது. அந்த உறுத்தலைத் தணிக்கச் சிலர் கூடை நிறையப் பொம்மை வாங்கிப் போடுகிறார்கள். சிலர் கேமரா பொருத்தி அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் துணைக்கு என்று இரண்டாவது பூனையைக் கொண்டுவருகிறார்கள். அக்கறை உண்மையானது, ஆனால் நோயைத் தவறாகக் கணித்துவிட்டுக் கொடுக்கும் மருந்து அது. பூட்டிய வீட்டில் பூனைக்கு முதலில் இல்லாமல் போவது வேலை. துணை அதற்கு அடுத்ததுதான்.

வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதருக்கு அருகிலேயே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பழைய உறவு. என்றாலும் நாயைப்போல ஏவல் செய்யவென்று பூனையை நாம் பழக்கி உருவாக்கவில்லை. தானியம் இருந்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் ஊர் வீடுகளிலும் அப்படித்தான்: குதிருக்குப் பின்னாலும் பரண்மேலும் ஓட்டுக்கூரையிலும் சுற்றிய பூனைக்கு, வீடு என்பது அதன் எல்லையில் ஒரு மூலை. சிறிய இரையைத் தின்று வாழும் விலங்கு என்பதால் ஒரு நாளில் பத்துக்கும் மேற்பட்ட தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பதுங்கிக் காத்திருந்து பாயும் முயற்சிகளில் பல வீணாகும். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இதற்கே போய்விடும். ஃப்ளாட்டில் கிண்ணம் நிறையத் தீனியைக் கொட்டிவிட்டுக் கிளம்பும்போது, ஒரு நாள் முழுவதற்குமான அந்த வேலையை நாம் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

‘நாளெல்லாம் தூங்கத்தானே செய்கிறது, அதற்கென்ன குறை?’ என்று கேட்கலாம். நலமுள்ள பூனையும் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் என்பது உண்மை. ஆனால் வேட்டையாடிக் களைத்த தூக்கமும் செய்வதற்கு ஒன்றுமில்லாத கிடப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை உடல்தான் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர், தொற்றோ கல்லோ இல்லாமலே பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியை நெடுங்காலம் ஆராய்ந்தார். 2006-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், இந்நோய் கண்ட 46 வீட்டுப்பூனைகளின் சூழலை, மறைவிடம், உயரமான இடம், விளையாட்டு, மணல் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சீர்படுத்தி, பத்து மாதம் கவனித்தார்கள். நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. இந்நோயுள்ள 20 பூனைகளையும் ஆரோக்கியமான 12 பூனைகளையும் 77 வாரம் கண்காணித்தார்கள். வழக்கமான பராமரிப்பு குலைந்த வாரங்களில் தீனி குறைவது, தட்டுக்கு வெளியே மலசலம் கழிப்பது போன்றவை கூடின. நோயுற்றவற்றில் மட்டுமல்ல, ஆரோக்கியமானவற்றிலும் கூடின. ஆகவே படுக்கையில் சிறுநீர் கழித்த பூனை ‘பழிவாங்குகிறது’ என்று சொல்வதை இனியாவது விட்டுவிட வேண்டும். அது கோபம் இல்லை, நெருக்கடி. அதிலும் ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரையே எடுத்துவிடும்.

இதிலிருந்து தெரிவது, நாம் இல்லாத பத்தரை மணி நேரத்தை நாம் இருக்கும் அரைமணி நேரம் தீர்மானிக்கிறது என்பதுதான். பூனையின் இயல்பான சுழற்சி வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம், கோலில் கட்டிய இறகையோ கயிற்றையோ இரைபோல ஓடவிட்டு, மறைத்து, கடைசியில் பிடிக்கவும் விட்டு, உடனே தீனி வைத்தால் அந்தச் சுழற்சி முழுமையாகிறது. (முடிந்ததும் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், விழுங்கினால் குடலைக் கிழிக்கும்.) விளையாட்டு வேட்டைக்கு ஈடாகுமா என்ற ஐயத்துக்கு இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. வெளியே போய் வேட்டையாடும் 355 பூனைகளில், இறைச்சி மிகுந்த தீனி பெற்றவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடக் கிடைத்தவற்றில் 25 சதவீதம் குறைந்தது. அந்தச் சில நிமிடங்களே வேட்டைத் தேவையில் ஒரு பங்கைத் தீர்த்திருக்கின்றன. லேசர் ஒளிப்புள்ளியை மட்டும் தவிர்ப்பது நல்லது. அதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. லேசரை அடிக்கடி காட்டும் வீடுகளில், நிழலையும் வெளிச்சத்தையும் வெறித்துத் துரத்தும் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதாக 618 வளர்ப்பாளர்களிடம் நடத்திய கருத்தாய்வு காட்டியது.

மீதித் தீனியை மூன்று நான்கு இடங்களில் ஒளித்து வைக்கலாம். உருட்டினால் ஒவ்வொன்றாக விழும்படி துளையிட்ட தண்ணீர் பாட்டில், முட்டை அட்டையின் குழிகள், அலமாரியின் மேல்தட்டு என இதற்குச் செலவே இல்லை. இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள், புதிர்ப் பெட்டியையும் திறந்த தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 17 பூனைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை தட்டையே நாடின. பல விலங்குகள் உழைத்துத் தின்பதை விரும்பும்போது பூனை விரும்பவில்லை. அப்படியானால் இந்த வாதம் விழுந்துவிடுகிறதா? விழவில்லை என்பேன். கையெட்டும் தூரத்தில் தட்டு இருக்கையில் புதிரை விடுவது எந்த வேட்டை விலங்குக்கும் சிக்கனம்தான். அது சோம்பல் என்றோ புதிர் வீண் என்றோ பொருள்படாது. ஆனால் அந்த ஆய்வை மதித்து ஓர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரே நாளில் கிண்ணத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிரில் வைக்கக் கூடாது. எளிதில் தீனி விழும் பெரிய துளையில் தொடங்கி, மெல்லமெல்லக் கடினமாக்கலாம். ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து வரும்.

வீட்டின் அமைப்பில் பூனைக்குத் தரை பெரிதில்லை, உயரம் பெரிது. பீரோவின் தலையில் விரித்த பழைய துணி, தெருவைப் பார்க்கும் ஜன்னலோரப் பலகை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியை அற்பமாக எண்ண வேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. பால்கனியில் புறாவுக்குக் கட்டிய நைலான் வலையைப் பூனைக்கும் போதும் என்று நம்பிவிடக் கூடாது, கடித்தால் அறுந்துவிடும். கம்பி வலை வேண்டும். மணத்துக்குக் குப்பைமேனி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அதற்கு ‘பூனைவணங்கி’ என்றே ஒரு பெயர். புதிதாகப் பிடுங்கிய வேரை முகர்ந்து பல பூனைகள் உருண்டு புரளும். நாம் வீட்டில் இருக்கும்போது முகரவிட்டு, தின்னவிடாமல் எடுத்துவிட வேண்டும்.

‘வெளியே விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பவர்களுக்குத் தெருநாயும் வாகனமும் பதில். துணைப்பூனை பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். பூனைக்குப் பாசமில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடன் ஆய்வொன்றில், அரைமணி நேரப் பிரிவைவிட நான்கு மணி நேரப் பிரிவுக்குப் பின் பூனைகள் அதிகம் ‘குர்குர்’ என்று ஒலியெழுப்பிக் கொஞ்சின. பிரேசிலில் 223 பூனைகளைப் பற்றி வளர்ப்பாளர்களிடம் கேட்டபோது, 30 பூனைகளிடம் பிரிவு சார்ந்த தொல்லைகள் தெரிந்தன. விளையாட்டுப் பொருள் இல்லாத வீடுகளிலும் வேறு வளர்ப்பு விலங்கு இல்லாத வீடுகளிலும் அது கூடுதலாக இருந்தது. இரண்டாவது பூனைக்கு இது சான்றாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகள் சேர்ந்து வளர்வது வேறு. தன் எல்லையைக் காக்கும் வளர்ந்த பூனையிடம் அந்நியப் பூனையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது வேறு. கதவுக்கு இருபுறமும் வைத்து மணம் பழக்கி, வாரக்கணக்கில் அறிமுகப்படுத்த முடியாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். இறங்கினால் தண்ணீர், தீனி, மணல் தட்டு எல்லாம் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும். டிவியில் பறவை வீடியோவை ஓடவிடுவதால் கேடில்லை, பெரிய பயனும் இல்லை: காப்பகமொன்றில் 125 பூனைகள், ஆய்வாளர்கள் கண்காணித்த நேரத்தில் சுமார் 6 சதவீதமே திரையைப் பார்த்தன.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதுதான் இவை எல்லாம் ஒன்றாகச் சோதனைக்கு வருகின்றன. வெடிச்சத்தம், வெறும் வீடு, நேரம் தவறிய தீனி. மூன்று நாளுக்கான தீனியைக் குவித்துவைப்பதைவிட, பூனைக்குப் பழகிய ஒருவர் காலையும் மாலையும் அதே நேரத்தில் வந்து தட்டைச் சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, பத்து நிமிடம் கோலை ஆட்டிவிட்டுப் போவது பல மடங்கு மேல். அவரைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே நாலைந்து தடவை வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கிவிட வேண்டும். பால்கனிக் கதவைச் சாத்தி, பீரோவுக்கடியில் அட்டைப்பெட்டியைத் தள்ளி, அதற்குள் துவைக்காத ஒரு சட்டையைப் போட்டுவிட்டு ரயிலேறலாம்.