காரின் மூளையைத் திருத்தினால் குதிரைகள் கூடும்!

280 என்று சொல்லி விற்ற எஞ்சினுக்குள் ஒளிந்திருந்த பலம்

ஜப்பானில் ஒரு கார் செய்தார்கள். அதன் பெயர் நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 1989-ம் ஆண்டு அதன் ஒரு மாடல் விற்பனைக்கு வந்தது.

அதன் பலம் 280 குதிரை சக்தி என்று கம்பெனி அறிவித்தது.

1995-ல் புது மாடல் வந்தது. அதற்கும் 280! 1999-ல் இன்னொரு மாடல் வந்தது. அதற்கும் அதே 280!

பத்து ஆண்டுகளில் காரில் எத்தனையோ மாற்றங்கள் வந்தன. அந்த எண் மட்டும் அசையவில்லை. எஞ்சினுக்கு அதற்கு மேல் பலம் இல்லையா?

இருந்தது. ஏராளமாக இருந்தது. அதைக் கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள்!

ஏன் கட்டினார்கள்?

1988-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சாலை விபத்துகளில் 10 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே கலங்கியது. "கார்களின் வேகம்தான் காரணம்" என்று பலர் குறை சொன்னார்கள்.

கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. "280 குதிரை சக்திக்கு மேல் யாரும் கார் விற்பதில்லை" என்பதே அந்த முடிவு. இது சட்டம் அல்ல. ஒருவருக்கு ஒருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. மணிக்கு 180 கிலோ மீட்டரைத் தாண்டாதபடி கார்களுக்குக் கடிவாளமும் போட்டார்கள்.

பிற்காலத்தில் சாலைச் சாவுகள் குறைந்தன. 2004-ல் 280 என்ற எல்லையை நீக்கினார்கள். அந்த ஆண்டே ஹோண்டா கம்பெனியின் லெஜண்ட் கார் 300 குதிரை சக்தியோடு வந்தது.

ஆனால் ஜி.டி.ஆர். காரின் உண்மையான பலம் பந்தய மைதானத்தில் முன்பே வெளிப்பட்டுவிட்டது. பந்தயத்துக்காகத் தயாரித்தபோது, அதே வகை எஞ்சின் 500 குதிரை சக்திக்கு மேல் கொடுத்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் பந்தயத் தொடரில் அந்தக் கார் ஓடிய போட்டிகள் 29. வென்ற போட்டிகளும் 29!

இதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "நம் காரின் கட்டையும் அவிழ்க்கலாமே" என்று மெக்கானிக்குகளிடம் போனார்கள்.

நான்கு யானையைத் தூக்கலாம்

குதிரை சக்தி என்றால் என்ன? 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் பலம்தான் ஒரு குதிரை சக்தி.

அப்படியானால் 280 குதிரை சக்தி எவ்வளவு? 21 ஆயிரம் கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கலாம். ஐந்து டன் எடையுள்ள யானைகள் நான்கை ஒரே மூச்சில் இடுப்பளவு உயரத்துக்குத் தூக்குவது போல!

இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரிவதால் வருகிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே தள்ளுவதுதான் கஷ்டம். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு 15 கிலோ காற்று வேண்டும்!

புகையே ஊதும் துருத்தி

கொல்லன் உலையில் துருத்தி ஊதுகிறான். காற்று பாய்கிறது. தீ சீறி எழுகிறது. டர்போ என்பதும் ஒரு துருத்திதான்.

ஆனால் இந்தத் துருத்தியை ஊத ஆள் வேண்டாம். எஞ்சின் விடும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்!

வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனை, சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி என்பவருடையது. 1905-லேயே அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜி.டி.ஆர். காரில் இப்படி இரண்டு டர்போ உண்டு. ஆறு சிலிண்டர்களில் மூன்றுக்கு ஒன்று.

டர்போ தள்ளும் அழுத்தத்தைக் கூட்டினால் காற்று கூடும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். பலம் கூடும். டர்போ இல்லாத எஞ்சினில் இந்த வசதி இல்லை. அதனால்தான் சாதாரண காரில் கணக்கைத் திருத்தினால் கிடைக்கும் லாபம் கொஞ்சம். டர்போ காரில் கிடைக்கும் லாபம் அதிகம்.

எண்கள் நிறைந்த கட்டம்

எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது? எப்போது தீப்பொறி கொடுப்பது? இதைத் தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் சிறிய கம்ப்யூட்டர். அதுதான் காரின் மூளை.

அந்த மூளைக்குள் பெருக்கல் வாய்ப்பாடு போல ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் சுற்றும் வேகம். மறு பக்கம் உள்ளே வரும் காற்றின் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். "இந்த வேகத்தில், இவ்வளவு காற்றுக்கு, இவ்வளவு பெட்ரோல்" என்று அந்த எண் சொல்லும். தீப்பொறிக்கும் இது போலத் தனிக் கட்டம் உண்டு.

இந்தக் கட்டத்துக்கு "மேப்" என்று பெயர். அதைத் திருத்தி எழுதுவதுதான் "ரீமேப்".

ஜி.டி.ஆர். வந்த காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கணக்கு எழுதிய சில்லை எடுத்துவிட்டு, வேறு சில்லைப் பொருத்தினார்கள். இன்றைய கார்களில் பலவற்றுக்கு அது தேவை இல்லை. ஒரு வயரைச் செருகி, மடிக்கணினியில் இருந்தே புதிய எண்களை ஏற்றுகிறார்கள்.

தையல்காரர் வேலை

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரீமேப் பலத்தை உண்டாக்குவது இல்லை. இருக்கிற பலத்தை வெளியே கொண்டுவருகிறது. அவ்வளவுதான்.

பெரிய டர்போ, அகலமான புகைக் குழாய், பெரிய இன்டர்கூலர், பெட்ரோலை அதிகமாகப் பீய்ச்சும் இன்ஜெக்டர் — இவற்றை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. கம்ப்யூட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஜெக்டர் மட்டும் பெரிதானால் தேவைக்கு மேல் பெட்ரோல் கொட்டும். காற்று மட்டும் கூடினால் பெட்ரோல் போதாமல் போகும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

வளர்ந்த பையனுக்குப் பழைய சட்டை பொருந்துமா? மறுபடியும் அளவெடுத்துத் தைக்க வேண்டும். பாகங்கள் மாறிய காருக்கும் அப்படித்தான். ஒரு காருக்கு எழுதிய கணக்கை இன்னொரு காருக்கு அப்படியே போடக்கூடாது.

அளவெடுப்பது எப்படி? காரைக் கனமான உருளைகள் மேல் நிறுத்திக் கட்டுவார்கள். எஞ்சினை முடுக்குவார்கள். கார் நகராது, உருளை சுழலும். அதை வைத்துப் பலத்தை அளப்பார்கள். ஒரு கட்டத்தைத் திருத்துவது, ஓட்டுவது, அளப்பது, மறுபடி திருத்துவது. பல மணி நேரம் பிடிக்கும் வேலை இது.

புகைக் குழாயை மாற்றி, அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, கணக்கையும் திருத்திய ஜி.டி.ஆர். கார்கள் சுமார் 320 முதல் 350 குதிரை சக்தி வரை கொடுத்தன. பெரிய டர்போவும் பலமான பிஸ்டனும் போட்டவை 500, 600 என்று போயின.

உள்ளே விழும் சம்மட்டி அடி

"அப்படியானால் இன்னும் கூட்டலாமே!" என்று தோன்றும். அங்கேதான் எமன் காத்திருக்கிறான். அவன் பெயர் நாக்கிங்!

எஞ்சின் நிமிடத்துக்கு 7 ஆயிரம் சுற்று சுற்றினால், ஒரு நொடிக்கு சுமார் 117 சுற்று. தீ பரவ அவகாசம் மிகக் குறைவு. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி கொடுத்துவிடுவார்கள். சற்று முன்னதாகக் கொடுத்தால் பலம் கூடும். ஆனால் எல்லை தாண்டினால், தீ போய்ச் சேருமுன்பே மிச்சமுள்ள வாயு தானாகப் பற்றி வெடிக்கும். சம்மட்டியால் அடிப்பது போல அது பிஸ்டனைத் தாக்கும்.

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உள்ளே எரியும் வாயுவின் சூடோ 2 ஆயிரம் டிகிரிக்கு மேல்! பிஸ்டனை ஒட்டியுள்ள மெல்லிய வாயுப் படலம்தான் அதைக் காக்கிறது. நாக்கிங் அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். பிறகு பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது.

ஆகவே நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? எஞ்சின் முழு மூச்சோடு ஓடும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றச் சொல்லுவார். மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது சூடு தணியும். தீப்பொறியையும் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்துவார். கடைசி 10 குதிரைகளை விட்டுக்கொடுத்து, எஞ்சினைக் காப்பாற்றுவார்.

பெட்ரோலின் தரமும் முக்கியம். ஜப்பானின் உயர்ந்த ரக பெட்ரோலுக்கு எழுதிய கணக்கு, மட்டமான பெட்ரோல் ஊற்றும் இடத்தில் எஞ்சினுக்கு விஷம் ஆகலாம்.

பீங்கான் சக்கரம்

ஜி.டி.ஆர். காரில் இன்னொரு பலவீனமும் இருந்தது. டர்போவில் புகை பாயும் பக்கத்துச் சக்கரத்தை ஒருவகைப் பீங்கானால் செய்திருந்தார்கள். எடை குறைவு. சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால், அது நொறுங்கிப் போகும்!

எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். நொறுங்கிய சக்கரத்துக்கு எந்த எண்ணும் மருந்து ஆகாது. ஆகவே அனுபவசாலிகள் முதலில் உலோகச் சக்கரம் போட்டார்கள். பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டினார்கள்.

எதை முதலில் கேட்க வேண்டும்?

காரைத் திருத்தக் கொடுப்பவர், "எத்தனை குதிரை கூடும்?" என்றுதான் முதலில் கேட்கிறார். அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும். "இந்த எஞ்சின் எவ்வளவு தாங்கும்?" என்பதே முதல் கேள்வி.

திருத்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே உருளையில் அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். வேறு வேறு இடத்தில், வேறு வேறு வெயிலில் எடுத்த எண்களை ஒப்பிட்டால் லாபம் பொய்யாகத் தெரியும். கம்பெனியின் உத்தரவாதம் போய்விடுமா, அந்த ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

பிரேக்கையும் டயரையும் மறக்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்ட பிறகு கார் நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கம்ப்யூட்டரிலும் திருத்தி எழுத முடியாது!

280 என்ற எண்ணை ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது எஞ்சினுக்குப் பயந்து அல்ல. சாலையில் போகும் மனிதர்களை நினைத்து. எஞ்சினின் கட்டை மெக்கானிக் அவிழ்த்துவிடலாம். சாலைக்கு வந்த பிறகு கடிவாளம் ஓட்டுகிறவர் காலடியில்தான் இருக்கிறது.